சாணம் குறைந்தால் அடுப்பு எரியுமா?



போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் ராக்கெட் பற்றி எழுதியிருந்தான். எல்லாரும் நின்று படித்தோம். நான் சாணியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படிக்க வேண்டும். ஏனென்றால் இது எங்க வீட்டு அடுப்பு விஷயம்.

எங்க வீட்டுக் கொல்லையில் ஒரு சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. தாத்தா காலத்தில், அரசாங்க மானியத்தில் கட்டியது. கிணறு மாதிரி ஒரு குழி, அதன் மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். காலையில் சாணியையும் தண்ணீரையும் சமமாகக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் குழாய் வழியாகக் குழிக்குள் போய்விடும். கேஸ் சேரச் சேர டிரம் மெல்ல மேலே எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். சின்ன வயதில் நான் அது மூச்சு விடுகிறது என்று நினைத்திருந்தேன்.

எங்க கலன் 2 கன மீட்டர் அளவு. அதாவது நல்லபடியாக நடந்தால் ஒரு நாளைக்கு 2000 லிட்டர் கேஸ். ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டு வேளைச் சமையலுக்குப் போதும். ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் கேஸ் வரும். அப்படியானால் எவ்வளவு சாணம் வேண்டும்? 2000-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள். 50 கிலோ. ஒரு மாடு நாளுக்கு சுமார் 10 கிலோ போடும் என்று கணக்கு. எங்களிடம் நாலு மாடும் ஒரு கிடாரியும் இருந்தவரை பிரச்சினையே இல்லை.

போன வருஷம் அக்கா கல்யாணத்துக்காக இரண்டு மாட்டை விற்றோம். கிடாரியும் போய்விட்டது. இப்போது கிடைப்பது 20, 25 கிலோ சாணம்தான். பாதி கேஸ். காலையில் சோறு வெந்து முடிவதற்குள் அடுப்பு சுருங்கிப் போய், குழம்பு கொதிக்கும்போது படக்கென்று அணைந்துவிடும். சிலிண்டர் இருக்கிறது, ஆனால் அதை அவசரத்துக்கு என்று அம்மா பத்திரமாக வைத்திருக்காங்க. அதனால் மறுபடி விறகு அடுப்பு, ஊதுகுழல், புகை. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் இருக்காங்க. ஸ்கூல் விட்டதும் சுள்ளி பொறுக்கப் போவது என் வேலை. போன மாசம் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாளும் போனேன். மார்க்கை இங்கே எழுத மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொல்லையில் வைக்கப்போர் மலை மாதிரி இருக்கிறது. மாடு தின்பது வைக்கோல், போடுவது சாணி. அப்படியானால் வைக்கோலையே நேராகக் குழிக்குள் போட்டால் என்ன? இது என் மூளையில் உதித்த யோசனை. அப்பா வயலுக்குப் போன சமயம் ஒரு கூடை வைக்கோலைத் தொட்டியில் திணித்து, கம்பால் குத்தித் தள்ளிவிட்டேன். நாலு நாள் கழித்து டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வைக்கோல் மிதந்து மேலே வந்து, ஏடு மாதிரி கட்டி, டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அப்பா தொரட்டியை வைத்து ஒரு நாள் முழுக்க இழுத்து எடுத்தார். வெளியே வந்த வைக்கோல் போட்டபடியே மஞ்சளாக இருந்தது! அப்பாயி மட்டும், "புள்ள யோசிச்சிருக்கு, திட்டாதடா" என்று சொன்னாங்க.

மாடு தின்று செரிக்கிற வைக்கோலைக் குழி ஏன் தின்னவில்லை? இதைத்தான் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். பதில் சொல்ல டீச்சருக்கு இரண்டு மதிய இடைவேளை ஆனது.

குழிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். உள்ளே காற்று கிடையாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை ஒரே கூட்டம் இல்லை. முதல் கூட்டம் பெரிய பொருள்களை வெட்டிச் சர்க்கரை போன்ற சின்னத் துண்டுகளாக்கும். அடுத்த கூட்டம் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசிக் கூட்டம் அதிலிருந்து மீத்தேன் செய்யும். நம் அடுப்பில் நீலமாக எரிவது அந்த மீத்தேன்தான். சாண கேஸில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. பந்தியில் இலை போடுபவர் தாமதமானால் சாம்பார் வாளியோடு நிற்பவர் என்ன செய்ய முடியும்? அதே மாதிரி முதல் கூட்டம் மெதுவாக வேலை செய்தால் பின்னால் உள்ள எல்லாரும் சும்மா நிற்க வேண்டியதுதான். வைக்கோல் விஷயத்தில் மாட்டிக்கொள்வது இந்த முதல் படி.

ஏன் என்றால் வைக்கோலின் உடம்பு அப்படி. அதில் நூற்றுக்கு 35 பங்கு போல செல்லுலோஸ், 20 பங்குக்கு மேல் ஹெமிசெல்லுலோஸ், 10 முதல் 15 பங்கு வரை லிக்னின், அப்புறம் மணல் சத்தான சிலிக்கா. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோர்த்த நீளச் சங்கிலி. நாம் தின்னும் சோற்றில் உள்ள ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான்! ஆனால் கோர்த்த விதம் வேறு. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கும் அல்லவா? எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச் சங்கிலியை வெட்டுவதால்தான். வைக்கோலை நாள் முழுக்க மென்றாலும் இனிக்காது. அந்தக் கோர்வையை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. (நான் மென்று பார்த்தேன். வாய்தான் புண்ணானது.)

லிக்னின் தான் பெரிய வில்லன். நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டி கட்டும்போது கம்பி கட்டி கான்கிரீட் போட்டார்களே, நினைவிருக்கிறதா? செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் சிமெண்ட். நுண்ணுயிரிகளுக்குத் தீனி கம்பியில் இருக்கிறது. சிமெண்ட் விடமாட்டேன் என்கிறது.

மாடு இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? அசை போட்டு அசை போட்டு வைக்கோலை மாவாக அரைக்கிறது. அதன் முதல் வயிற்றில் எப்போதும் 39 டிகிரி போல வெதுவெதுப்பு. அங்கே இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் செல்லுலோஸை வெட்டும் நொதிகளைச் சுரக்கின்றன. அதாவது வைக்கோலைச் செரிப்பது மாடு இல்லை, மாட்டின் வயிற்றில் குடியிருப்பவர்கள்! மாடு வீடும் சாப்பாடும் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சியதுதான் சாணம். அதனால்தான் சாணத்தில் கேஸ் குறைவு. ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் நன்றாக மட்கினால் 200 லிட்டருக்கு மேல் கேஸ் தரக்கூடியது. சாணத்துக்கு 40 தானே? (சாணத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றுக் கணக்கு ஆகிவிடும்.)

நொதி என்பது உயிருள்ள பொருள் இல்லை. அது ஒரு புரதம். உயிருள்ளவை செய்து வெளியே அனுப்புகிற கத்தரிக்கோல் என்று சொல்லலாம். ஒவ்வொரு கத்தரிக்கோலும் ஒரே ஒரு துணியைத்தான் வெட்டும். செல்லுலோஸை வெட்டுவது செல்லுலேஸ். ஹெமிசெல்லுலோஸின் முக்கியப் பகுதியை வெட்டுவது சைலனேஸ். லிக்னினைக் குலைப்பது லாக்கேஸ், பெராக்சிடேஸ் போன்றவை.

இதில் ஒரு யுத்தக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் பக்கம் இருந்தபோது, அவர்களுடைய கூடாரம், பருத்தி உடை, பெல்ட் எல்லாம் சீக்கிரம் இற்றுப் போயின. காரணம் தேடியவர்கள் அழுகிய துணியில் ஒரு பூஞ்சையைப் பிடித்தார்கள். பருத்தி என்றாலே கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ் அல்லவா? அதை வெட்டும் நொதியை அந்தப் பூஞ்சை ஏராளமாகச் சுரந்தது. எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியும் மேரி மாண்டல்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அதை ரொம்ப வருஷம் ஆராய்ந்தார்கள். 1977-ல் அதற்கு ரீஸின் பெயரையே வைத்து டிரைக்கோடெர்மா ரீசி என்று அழைத்தார்கள். துணியை நாசமாக்கிய எதிரி, இன்று தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் தயாரிக்கும் வேலைக்காரன்! நம்ம ஊரில் கடலை விதைக்கும்போது வேரழுகல் வராமல் இருக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பார்களே, அது இதற்குச் சொந்தக்கார பூஞ்சைதான். அந்த பாக்கெட்டை எத்தனை தடவை நான் கையில் எடுத்திருக்கிறேன்! அதற்குப் பின்னால் ஒரு யுத்தம் இருப்பது தெரியாது.

அப்போது கடையில் நொதிப் பொடி வாங்கிக் குழியில் கொட்டினால் வேலை முடிந்ததா? அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். டவுனிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தார் (பெயர் வேண்டாம்). கேஸ் இரட்டிப்பாகும் என்று விற்றவர் சொன்னாராம். "வெந்நீர்ல கரைச்சாத்தான் நல்லா கரையும்" என்று அப்பாயி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தாங்க. அதைத் தொட்டியில் ஊற்றினோம். பத்து நாள் பார்த்தோம். டிரம் ஒரு விரல் கூட ஏறவில்லை.

டீச்சரிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாங்க. நொதி ஒரு புரதம் என்று சொன்னேன் அல்லவா? முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? கெட்டியாகி உருவமே மாறிவிடும். நொதியும் அப்படித்தான் கெட்டுப் போகும். கெட்ட கத்தரிக்கோல் எதையும் வெட்டாது. அதனால் பாக்கெட் நல்லதா போலியா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. விற்றவரை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் பச்சைத் தண்ணீரில் கரைத்திருந்தாலும் பெரிய பலன் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். டிரைக்கோடெர்மாவின் செல்லுலேஸ் 50 டிகிரி வெப்பத்தில், கொஞ்சம் புளிப்பான கரைசலில்தான் நன்றாக ஓடும். நம் குழிக்குள் 30 டிகிரி போலத்தான் இருக்கும், புளிப்பும் இருக்காது. இன்னொன்று, குழியில் உள்ள நுண்ணுயிரிகளுக்குப் புரதம் என்றால் கறிச்சோறு. நாம் காசு கொடுத்து வாங்கிய கத்தரிக்கோலை அவை சீக்கிரமே தின்று முடித்துவிடும்! ஜெர்மனியில் மக்காச்சோளத் தட்டையையும் புல்லையும் போட்டு எரிவாயு எடுக்கும் கலன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே நொதி சேர்ப்பவர்கள் உண்டு. கேஸ் கூடுவது சில இடத்தில்தான், ஆனால் கூழ் இளகி, கலக்குவது சுலபமாகிறது என்கிறார்கள். குழிக்குள் போடுவதைவிட, குழிக்கு வெளியே தனிப் பாத்திரத்தில் வைக்கோலை நொதியோடு ஊற வைத்துவிட்டுப் பிறகு உள்ளே அனுப்புவதுதான் சரியான முறை. அதற்கு எங்க வீட்டில் காசு இல்லை.

இங்கேதான் நம்ம ஊர் சிப்பிக்காளான் வருகிறது.

எதிர்வீட்டு அத்தை மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கூரைக் கொட்டகையில் சிப்பிக்காளான் வளர்க்கிறாங்க. வைக்கோலை ஊற வைத்து, வேக வைத்து, பிளாஸ்டிக் பையில் அடுக்கடுக்காக விதை போட்டு உறி மாதிரி தொங்க விடுவாங்க. 40, 45 நாளில் மூன்று அறுப்பு முடிந்ததும் அந்தப் பழைய வைக்கோலைக் குப்பைமேட்டில் கொட்டிவிடுவாங்க. அதைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். பஞ்சு மாதிரி நொறுங்கும்! ஏனென்றால் சிப்பிக்காளானும் ஒரு பூஞ்சைதான். லாக்கேஸ், பெராக்சிடேஸ் இரண்டையும் சுரந்து லிக்னின் சிமெண்டை உடைத்துவிடுகிறது. இந்த வேலைக்குக் காற்று வேண்டும். காற்றில்லாத குழிக்குள் இது நடக்கவே நடக்காது. அதாவது நாம் தேடிய தனிப் பாத்திரம் எதிர்வீட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நஷ்டம் உண்டு. காளானும் வைக்கோலைக் கொஞ்சம் தின்றுவிடும். ஆனால் அதற்குப் பதில் அத்தைக்குக் காளான் கிடைக்கிறதே.

டீச்சர் உடனே குழியில் போட விடவில்லை. "முதல்ல பாட்டில்ல பாரு" என்று சொல்லிட்டாங்க. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மூன்று எடுத்தேன். மூன்றிலும் எங்க கலனிலிருந்து வெளிவந்த கழிவுக் கரைசல் ஒரே அளவு. முதல் பாட்டிலில் அது மட்டும். இரண்டாவதில் பொடியாக நறுக்கிய சாதா வைக்கோல் 20 கிராம். மூன்றாவதில் காய வைத்த காளான் வைக்கோல் 20 கிராம். வாயில் பலூன் மாட்டி நூலால் இறுக்கிக் கட்டினேன். முதல் மூன்று நாளில் வந்த காற்றை டீச்சர் வெளியேற்றச் சொன்னாங்க. சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டுப் பார்த்தோம், உடனே பால் மாதிரி ஆனது. அதில் கார்பன் டை ஆக்சைடு இருந்தது! பலூன் பெருத்தாலே மீத்தேன் என்று நினைக்கக் கூடாது. (யாரும் பலூன் பக்கம் தீக்குச்சி கொண்டு போகாதீர்கள். டீச்சர் பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம்.)

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் பலூன்களின் சுற்றளவை நூல் வைத்து அளந்தேன். முதல் பலூன் 18 செ.மீ. இரண்டாவது 21. மூன்றாவது 29. "எட்டு சென்டிமீட்டர்தானே கூட?" என்று என் பக்கத்தில் உட்காருபவள் கேட்டாள். இல்லை! கோளத்தின் கன அளவு ஆரத்தின் முப்படி அல்லவா? 29-ஐ 21-ஆல் வகுத்து முப்படி எடுத்தால் 2.6 வருகிறது. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல் கேஸ். கணக்குப் பாடம் வாழ்க்கைக்கு உதவாது என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

இருபத்தி நாலாம் நாள் அளந்தபோது இரண்டாவது 29, மூன்றாவது 36. வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. சாதா வைக்கோலும் மெதுவாக மட்கத்தான் செய்கிறது, ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்க அடுப்புக்குப் பொறுமை இல்லை. பலூன் சரியான கோளம் இல்லை என்பதையும், ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டில்தான் வைத்தேன் என்பதையும் டீச்சர் எழுதச் சொன்னாங்க. எழுதிவிட்டேன். மறுபடி மும்மூன்று பாட்டிலாக வைத்திருக்கிறேன், ஆய்வக ஜன்னலில் இருக்கிறது, தொடாமல் பாருங்கள்.

வீட்டில் இப்போது நாளுக்கு 4 கிலோ காளான் வைக்கோலை நறுக்கி, ராத்திரியே சாணக் கரைசலில் ஊற வைத்து, காலையில் கலக்கி ஊற்றுகிறோம். சாணத்தை நிறுத்தக் கூடாது. வைக்கோலில் நைட்ரஜன் குறைவு, சாணம்தான் அதை ஈடு கட்டும். முழு வைக்கோல் மாதிரி இது மிதக்கவில்லை, ஆனாலும் அப்பா தினமும் டிரம்மைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறார். டிரம்மில் நான் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வாரத்தில் நாலு விரல் ஏறியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை குழம்பு இறக்கும் வரை அடுப்பு அணையவில்லை. ராத்திரிக்குத்தான் இன்னும் போதவில்லை, சாயங்காலம் சுள்ளி பொறுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இதில் ஒரு புதுப் பிரச்சினை. குப்பையில் கொட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அத்தை, நாங்க தினமும் கூடையோடு வருவதைப் பார்த்துவிட்டு, "அதுல அப்படி என்னடி இருக்கு?" என்று கேட்டாங்க. நானும் லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்று பெருமையாக விளக்கிவிட்டேன். இப்போது மூட்டைக்கு அரை லிட்டர் பால் கேட்கிறாங்க. அம்மா என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை.